நற்குழல் தேரும் முறை

இசைக்கருவிகளை நரம்பு, துளை, தோல், கஞ்சம் எனப் பகுத்தோதுவர் முன்னையோர். இவற்றுள் நரம்புக்கருவியின் சுருதி பிழைபடுமாயின், வாசிப்போன் முறுக்காணியைத் திருகி அப்பொழுதே அதனைச் செவ்வைசெய்துகொள்வான். தோற்கருவியின் வாரினை இறுக்கியும் நெகிழ்த்தும் வேண்டிய ஒலியைப் பெறுதலும் கூடும். குழற்கு அவ்வாய்ப்புப் பெரிதும் இல்லை. துளையிட்ட அன்றே அதன் தானங்கள் நிலைபெற்றுவிடுகின்றன. துளையை அகலப்படுத்தின் அதன் ஓசை சிறிது உயரும். உயர்ந்துபோன ஓசையைத் தாழ்த்துதலோ எளிதன்று. ஆகலின், குழல் ஒன்று கொள்வான் அதனைக் கொள்ளும் பொழுதே தேர்ந்து கொள்ளுதல் இன்றியமையாததாகும்.

இக்காலத்துக் குழல் பயிலத் தொடங்குவார் பலர், திருவிழாக் கடைகளில் வண்ணநூல் சுற்றியும் மெருகு பூசியும் தொங்கவிடப்பட்டவற்றுள் கண்ணுக்கினிய ஒன்றனை வாங்கிச் செல்கின்றனர். அவற்றுட் பல, துளைகளின் தானம் ஆராயப்படாது செய்யப்பட்டவை. அத்தகைய குழலில் நாடோறும் பயிலும் சிறுவன் செவி, பிழைபட்ட தானத்தையே நேரிய தானமென்று பழகிவிடுகின்றது. பின்னர் அவன் தேவாரப் பண்களைப் பாடினும் அப்பிழை உடன்தொடரும். கருவியின் குற்றம் செவியின் குற்றமாய், செவியின் குற்றம் பண்ணின் குற்றமாய் முடிதலின், இதனைச் சிறுபொருளாக எண்ணி விடுதல் தகாது.

நற்குழலின் இலக்கணத்தைத் தமிழ்நூல்கள் இருவகையாற் கூறுகின்றன. அதனைச் செய்யும் முறை ஒன்று. செய்யப்பட்டதனைச் சோதிக்கும் முறை மற்றொன்று. முன்னதனை விரிவாகக் காட்டுவது சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதைக்கு அடியார்க்குநல்லார் வகுத்த உரை. பின்னதனைக் காட்டுவது பெரியபுராணத்துள் ஆனாய நாயனார் புராணம். இரண்டனையும் ஒருங்குவைத்து நோக்குவார்க்கே குழல் தேரும் முறை நிரம்ப விளங்கும்.

குழலின் தொன்மை

குழல் முல்லைநிலத்தின் கருவி. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படை, கோவலன் ஒருவன் தீக்கடைகோலாற் பிறப்பித்த நெருப்பினைக் கொண்டு துளையிட்ட குழலிற் பாலைப்பண் வாசித்தலைக் கூறுகின்றது. நெருப்பினால் துளையிடுதல் அற்றைநாள் ஆயனது எளிய வழி என்று மட்டும் கருதற்க. பழுக்கக் காய்ச்சிய இரும்புக்கோலால் மூங்கிலைச் சுட்டுத் துளைத்தல் இன்றைக் கருவிசெய்வாரிடத்தும் உள்ள வழக்கமேயாம். உளிகொண்டு குடையின் மூங்கிலின் நார் பிளந்து விள்ளும்; சுட்டுத் துளைப்பின் விளிம்பு இறுகி நிற்கும். சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவை கொன்றைக்குழல், ஆம்பற்குழல், முல்லைக்குழல் என மூன்றனைப் பெயர் கூறி நிறுத்துகின்றது.

ஆயர்பாடியிற் பிறந்த இக்கருவி அரங்கினும் கோயிலினும் இடம்பெற்றது. அரங்கில் யாழோடு ஒத்து நின்று ஆடலையும் பாடலையும் தாங்கியது. முதலாம் இராசராசன் (985-1014) எடுப்பித்த தஞ்சைப் பெருவுடையார் கோயிற் கல்வெட்டுள், நிவந்தம் பெற்ற பணியாளர் வரிசையில் வங்கியம் வாசிப்போர் குறிக்கப்பெற்றுள்ளனர். வங்கியம் என்பது குழலின் பெயர்களுள் ஒன்று. ஆகவே, அடியார்க்குநல்லாரும் சேக்கிழாரும் குழலிலக்கணம் கூறியது ஏட்டளவில் நின்றதொரு பொருளைக் கூறியதன்று. தம்மைச் சூழ்ந்து ஒலித்துக்கொண்டிருந்த கருவியின் இலக்கணத்தைக் கூறியதேயாம்.

பொருள் தெரிதல்

குழல் செய்தற்குரிய பொருள்கள் மூங்கில், சந்தனம், வெண்கலம், செங்காலி, கருங்காலி என ஐந்து என்பர் அடியார்க்குநல்லார். அவற்றுள் மூங்கிலாற் செய்வது உத்தமம், வெண்கலத்தாற் செய்வது மத்திமம், ஏனையவற்றாற் செய்வது அதமம் என அவர் தரம் வகுக்கின்றார். அவ்வளவில் நில்லாது, மூங்கில் பொழுதின் வேறுபாட்டிற்கு உட்படும் என்றும், வெண்கலம் வலிது என்றும், மரமே எப்பொழுதும் ஒருதன்மையாய் நிற்கும் என்றும் ஒவ்வொன்றன் இயல்பினையும் காட்டித் தம் காலத்திற் கருங்காலியே பெருவழக்கு என்றும் கூறுகின்றார்.

உத்தமம் என்று எடுத்த மூங்கிலுக்குக் குறை கூறி, அதமம் என்று விடுத்த மரத்திற்கு நிறை கூறுதல் முரணாகாதோ எனின், ஆகாது. ஒலியினிமை பற்றியது முதற்கூற்று. நிலைபேறு பற்றியது இரண்டாங்கூற்று. மூங்கில் வெயிலிற் காய்ந்து சுருங்கும். ஈரத்தில் ஊறிப் பருக்கும். முறையாகப் பேணாவிடின் நீளவாட்டில் வெடிக்கும். ஆயினும் இயற்கையிலேயே உள்ளீடின்றி, மெல்லிய சுவருடன் வளர்தலின் சிறு மூச்சுக்கும் இசைந்து கொடுக்கும். கருங்காலியோ கடைந்து உட்டுளை ஆக்கப்படுவது, வன்மையுடையது, எளிதில் மாறாதது. உரையாசிரியர் இரண்டனையும் மறையாது கூறி, கொள்வான் தன் கருத்திற்கேற்பத் தெரிந்துகொள்ளுமாறு விட்டனர். கருவி வாங்கப் புகுவார்க்கு இதனினும் நேர்மையான அறிவுரை வேறின்று.

இந்நெறியை இக்காலத்து நெகிழிக் குழலின்மேலும் வைத்துக் காணலாம். மழைக்கும் வெயிலுக்கும் மாறாது ஒத்து நிற்றல் அதன் குணம். மூங்கிலின் ஒலிநயம் அதற்கு வாய்த்தல் அரிது. எனினும், தானம் பிழைத்த மூங்கிற்குழலினும் தானம் நேரிய நெகிழிக்குழல் தொடக்க மாணவனுக்கு நன்றேயாம். பொருளின் உயர்வு தானத்தின் பிழையை ஈடுசெய்யாது.

மரம் கொள்ளும் இடமும் காலமும் உரையில் நுட்பமாகச் சொல்லப்பட்டுள்ளன. உயர்ந்த சமநிலத்தில் வளர்ந்ததாதல் வேண்டும். நாற்றிசைக் காற்றும் மயங்கி மோதும் இடத்தில் நின்ற மரத்திற்கு நாதம் இல்லை. இளமரமும் ஆகாது; மிக முதிர்ந்ததும் ஆகாது. ஓர் ஆளளவாகத் துண்டித்து, நிழலில் ஆறவைத்து, திருகுதலும் பிளத்தலும் இன்மையை அறிந்து, ஓர் யாண்டு கழிந்தபின்னரே கருவி செய்தல் வேண்டும்.

இவ்விதிகள் ஒவ்வொன்றும் காரணமுடையன. ஓயாது காற்றால் அலைக்கப்படும் மரத்தின் நார் நெறி திருகிப் போதற்கு இடனுண்டு. அத்தகைய மரம் உலருங்கால் முறுக்கிக்கொள்ளும். இள மூங்கிலில் மாச்சத்து மிகுதலின் வண்டு துளைக்கும். அது காயுங்கால் சுருக்கமும் மிகும். வெயிலில் உலர்த்தின் புறம் முன்னும் அகம் பின்னுமாகக் காய்ந்து பிளவுபடும். நிழலில் உலர்த்தின் இரண்டும் ஒப்பக் காயும். ஓர் யாண்டு என்ற எல்லை, எல்லாப் பருவத்தின் வெப்பமும் ஈரமும் அம்மரத்தின்மேற் சென்று கழிதற்பொருட்டு. இன்று குழல் வாங்குவான் மரம் நின்ற நிலத்தைக் காணுதல் இயலாது. ஆயினும், மூங்கில் எத்துணைக் காலம் நிழலில் ஆறியது என்று செய்வோனை வினவலாம். பச்சைநிறம் மாறாததும், கைக்குக் கனத்துத் தோன்றுவதும், வண்டு துளைத்த பொடி உதிர்வதும் ஆகியவற்றை விலக்கலாம். ஒளிக்கு எதிரே பிடித்து நீளவாட்டில் மயிரிழை போன்ற வெடிப்பு உளதோ என நோக்கலாம்.

பெரியபுராணமும் வேயின் எப்பகுதி கொள்ளத்தக்கது என்பதனைக் குறிப்பிடுகின்றது. ஆனாயர் குழலுக்குரிய வேயை, நுனியில் நான்கு பங்கும் அடியில் இரண்டு பங்கும் அரிந்து நீக்கினர் என அச்செய்யுட்கு உரை கூறுவர். அடிமூங்கில் சுவர் தடித்துக் கணு நெருங்கியது. நுனிமூங்கில் மெலிந்து முதிர்ச்சி குறைந்தது. இடைப்பகுதியே கணுவிடை நீண்டு சுவர் சீர்ப்பட்டது. கணுக்கள் உட்டுளையின் நடுவே அமையாது நீண்டு நேராய் நிற்கும் மூங்கிலைத் தேடும் இன்றைக் கருவியாளர் வழக்கு இதனோடு ஒத்து நிற்றல் காண்க.

அளவு

குழலின் நீளம் இருபது விரல். சுற்றளவு நாலரை விரல் என்பது உரையாசிரியர் வகுத்த அளவு. விரலொன்றனை மேனாட்டு அளவில் முக்கால் அங்குலம் எனக் கொள்ளின் நீளம் 15 அங்குலமாம். உட்டுளை கடையுமிடத்து நெல்லரிசியிற் பாதியளவே சுவர் நிற்கவேண்டும் என்பர். இடமுகத்தை வெண்கல அணைசினால் அடைத்து, வலமுகத்தைத் திறந்து விடுதல் மரபு. அடைத்த முகத்தினின்றும் இரண்டு விரல் நீக்கி ஊதும் முதல்வாய். அதனின் ஏழு விரல் விட்டு, வளைவாய்ப் பக்கத்தும் இரண்டு விரல் நீக்கி, இடைநின்ற ஒன்பது விரலினுள் எட்டுத் துளைகள். இரண்டும் ஏழும் ஒன்பதும் இரண்டும் கூடி இருபதாதல் காண்க. எட்டனுள் வளைவாயை அடுத்தது முத்திரை எனப்படும். அதனை நீக்கி ஏனைய ஏழனையும், இடக்கையின் மூன்று விரலும் வலக்கையின் நான்கு விரலும் பற்றி வாசிக்கும்.

இன்று கருநாடக இசையரங்கில் வழங்கும் புல்லாங்குழலை எடுத்து நோக்கினால் முதல்வாயை ஒழித்து எட்டுத் துளைகளே காணப்படும். அவற்றுட் கடையது விரல் வைத்து வாசித்தற்கு உரியதன்று. அது திறந்தே நிற்கும். கும்பகோணம் சரப சாத்திரியார் (1872-1904) குழலைத் தனியரங்கிற்குரிய கருவியாக உயர்த்திய நாளினும், அவர் மாணவர் பல்லடம் சஞ்சீவ ராவ் (1882-1962) அதனை வளர்த்த நாளினும், பின்னர்த் திருவிடைமருதூர் மகாலிங்கம் (1926-1986) விரலடைப்பு முறைகளை மாற்றிக் கமகங்களை விரித்த நாளினும் இவ்வெண்ணுத்துளை வழக்கு கெடாது நின்றது. முத்திரைத்துளை பயனில்லாததன்று. குழலின் ஒலிக்கும் நீளத்தை வரையறுத்துக் கடைத்தானத்தை நிறுத்துவது அதுவே. ஆகவே, குழல் வாங்குவோர் அதனை வீண்துளை என்று எண்ணற்க.

அளவு பற்றி மற்றொன்றும் அறியத்தக்கது. நீண்டதும் அகன்றதுமான குழல் தாழ்ந்த சுருதியையும், குறுகியது உயர்ந்த சுருதியையும் தரும். இக்காலத்தார் இதனைக் கட்டை என்னும் கணக்கால் வழங்குவர். நெடுங்குழலின் கம்பீரத்தை விரும்பி, கை சிறியவர் அதனைக் கொள்வராயின், விரல் துளையை முற்ற மூடாது. மூடாத துளையினின்று மூச்சு ஒழுக, ஓசை கீறும். பாடுவார்க்குத் துணையாய் வாசிப்பின் பாடுவார் சுருதிக்கு ஏற்ற குழலும், தனிப்பயிற்சிக்காயின் தன் கையளவிற்கு ஏற்ற குழலும் கொள்ளுதல் முறை.

துளை ஆராய்ச்சி

அளவு அனைத்தும் நூலின்படி அமைந்ததாயின் குழல் தானே நேரிதாகும் அன்றோ எனின், ஆகாது. துளைகளின் இடைவெளி ஒரு விரல் என ஒப்ப வகுத்தனர் முன்னோர். ஏழிசையின் இடைவெளிகளோ தம்முள் ஒப்புடையன அல்ல. துளையின் அகலமும், சுவரின் தடிப்பும், உட்டுளையின் செம்மையும், ஊதுவான் உதட்டின் சாய்வும் ஆகிய இவை கூடியே ஒவ்வொரு தானத்தையும் வரையறுக்கின்றன. அரிசிமுனை அளவு வேற்றுமையும் ஓசையை மாற்றும். ஆகலின், அளவுகோல் குழலைச் செய்யும். அது நன்றோ என்பதனைச் செவியே தீர்க்கும். இவ்வுண்மையை உணர்ந்தே சேக்கிழார் பெருமான் குழலைச் செய்யும் முறையோடு அமையாது சோதிக்கும் முறையையும் ஓதியருளினார்.

மேன்மழநாட்டுத் திருமங்கலத்தில் ஆயர்குலத்து அவதரித்தவர் ஆனாயர். கார்காலத்தில் ஆனிரையோடு கானகம் சென்று, மலர்ந்து நின்ற கொன்றை மரமொன்றனைக் கண்டு, அதனைக் கொன்றை சூடிய பெருமானாகவே கருதி உருகி நின்று, குழல் வாசிக்கத் தொடங்குகின்றார். ஈண்டுச் சேக்கிழார் உடனே பண்ணின் பெருமையைக் கூறப் புகுந்திலர். நாயனார் முத்திரை முதலாக அனைத்துத் துளைகளின் தானத்தையும் முறையே சோதித்தார் என்றும், துளை ஆராய்ச்சியின் பின் வக்கரனையென்னும் தொடக்கவிசையை நிகழ்த்தினார் என்றும், எல்லாம் ஒத்த நிலையை உணர்ந்த பின்னரே ஆரோசை அமரோசைகளைப் படிமுறையால் அமைத்தார் என்றும் கூறுகின்றார். அதன்பின் முல்லைப்பண், அதன்பின் மெலிவு, சமன், வலிவு என்னும் மூன்று தானத்தினும் விரலியக்கம்.

ஈண்டு உற்றுநோக்கற்பாலது ஒன்றுண்டு. அக்குழல் அன்று புதிதாகக் கொண்டதன்று. நாயனார் நாடோறும் திருவைந்தெழுத்தை அமைத்து வாசித்து வந்த குழலே. நாடோறும் பழகிய கருவியையும் அன்றன்று சோதித்தே வாசித்தனர் என்பது பெறப்படுகின்றது. மூங்கில் பொழுதிற்கேற்ப வேறுபடும் என்று உரையாசிரியர் கூறியதனை இதனோடு இயைத்து நோக்குக. கார்காலத்து ஈரக்காற்றில் மூங்கிற்குழல் ஒலிக்கும் வகை வேறு. கோடையில் ஒலிக்கும் வகை வேறு.

அருளிசைக்கு இவ்வாராய்ச்சி எற்றுக்கு? அன்பு ஒன்றே அமையாதோ எனின், அன்புடைமையே ஆராயச் செய்கின்றது என்க. முருக நாயனார் புலராமுன் எழுந்து கோட்டுப்பூ, நீர்ப்பூ, கொடிப்பூ, நிலப்பூ எனத் தெரிந்து பறித்தமை போல, ஆனாயர் துளை தெரிந்து ஊதினார். இறைவற்குச் சார்த்தும் மலரிற் பழுது பாராதவன் அன்பு எத்தகையது? ஐந்தெழுத்தை ஏந்தும் குழலில் தானம் பாராதவன் அன்பும் அத்தகையதே. அன்று அவ்விசை கேட்டு ஆனிரை மேய்தலை மறந்தன. கன்றுகள் பாலுண்ணுதலை மறந்தன. பகையுடைய விலங்குகளும் பகை நீங்கி ஒருங்கு நின்றன. இறைவன் உமையம்மையோடு எழுந்தருளி நாயனாரைத் தன்பால் அழைத்துக்கொண்டனன். இத்துணைப் பேற்றிற்கும் முன்னர் நிகழ்ந்தது துளை ஆராய்ச்சி.

கொள்வான் செய்யத்தக்கன

சேக்கிழார் காட்டிய படிமுறையே இன்று கடையிற் குழல் தேர்வானுக்கும் போதிய வழியாம். முதற்கண், சிறிதுபோது மெல்ல ஊதிக் குழலை மூச்சினால் வெதுவெதுப்பாக்குதல் வேண்டும்; குளிர்ந்த குழல் தாழ்ந்தே ஒலிக்குமாதலின் அந்நிலையிற் சோதித்தல் பிழைபடும். பின்னர், தம்புராவோ மின்சுருதிப் பெட்டியோ ஒலிக்க, கடைத்துளை தொடங்கி ஒவ்வொரு தானமாக நீள ஊதிச் சுருதியோடு இயைகின்றதோ என ஆராய்க. இது தானம் சோதித்தல். குரலும் இளியும், அஃதாவது சட்சமும் பஞ்சமமும், அசைவின்றி நில்லாத குழல் எத்துணை அழகிதாயினும் விடத்தக்கது.

அடுத்து, ஒரே தானத்தை மெலிவினும் வலிவினும் மாறிமாறி ஊதுக. இரண்டும் ஒத்து நில்லாது வலிவில் ஓசை தாழ்தலோ உயர்தலோ உண்டாயின், இடமுகத்து அடைப்பு தன் இடத்தில் இல்லையென்றோ உட்டுளை செவ்விதன்று என்றோ அறிக. அடைப்பு தக்கையாயின் நகர்த்தித் திருத்தலாம்; உட்டுளையின் குற்றம் திருந்தாது. மூன்று தானத்தினும் நாயனார் வாசித்தார் என்றதன் பயன் வாங்குவோனுக்கு இதுவேயாம்.

பின்னர், ஆரோசை அமரோசையாக விரலை ஓட்டி நோக்குக. ஒரு துளை கைக்கு எட்டாமலோ, ஒன்று மட்டும் மூச்சு மிகுதியை வேண்டியோ நிற்பின் அக்குழல் பயிற்சிக்கு இடையூறாகும். துளைவிளிம்பைச் சிறுவிரலால் தடவிப் பிசிர் இன்மையை அறிக. முதல்வாயின் எதிர்விளிம்பு கூர்மையும் தூய்மையும் உடையதாதல் வேண்டும். மூச்சு பிளவுபட்டு ஓசையாவது அவ்விடத்தே. வண்ணமும் நூற்கட்டும் இறுதியில் நோக்கத்தக்கன. நூற்கட்டு வெடிப்பைத் தடுத்தற்கு உதவும். வெடிப்பை மறைத்தற்கும் உதவும் என்பது மறவற்க. வாங்கிய பின் அவ்வப்போது சிறிது எண்ணெய் தடவி, வெயிலில் வையாது, உறையில் இட்டுப் பேணுதல் நன்று.

ஒன்றற்குப் பத்துக் குழல் எடுத்து ஆராய்தல் கடைக்காரன்மேல் ஐயம் கொள்ளுதலாகாது. ஒருவன் ஒரே நாளில் ஒரே அளவிற் செய்த பத்துக் குழலும் பத்துவகையாக ஒலித்தல் மூங்கிலின் இயல்பு. தாமே ஊதி அறிய இயலாத தொடக்க மாணவர் ஆசிரியரை உடன்கொண்டு சென்று அவர் செவியால் தேர்தல் வேண்டும். அதுவும் இயலாதாயின், தானம் சோதித்துச் சுருதிகுறித்து விற்கும் கருவியாளரிடமே கொள்ளல் வேண்டும்.

கார்த்திகைத் திங்கள் அத்த நாள் ஆனாய நாயனார் குருபூசை நாள். அந்நாளில் அவர் புராணத்தை ஓதுவோர் பலர். இசைநுணுக்கம் என்று அச்செய்யுட்களைக் கடந்து செல்லுதல் பலர்க்கும் வழக்கமாய்விட்டது. ஒரு குழலைக் கையில் வைத்துக்கொண்டு அச்செய்யுட்களை ஓதி நோக்குவாராயின், அவை வெறும் புனைந்துரையல்ல, வேய் அரிதல் முதல் ஐந்தெழுத்து அமைத்தல் ஈறாக ஒன்றன்பின் ஒன்றாய்ச் செய்து காணத்தக்க தொழின்முறை என்பது அவர்க்கு விளங்கும்.